பூச்சிகளின் ஆள் மாறாட்டம்!

அது ஒரு பூச்சி. ஆனால் பூச்சி மாதிரியே இருக்காது. கால் தெரியாது. தலை தெரியாது. இறக்கை கிடையாது. ஓடாது, பறக்காது, சத்தம் போடாது.

கேழ்வரகு அளவில் சிவந்த ஒரு பொட்டு. அவ்வளவுதான். ஆரஞ்சுப் பழத்தின் தோலில் ஒட்டிக்கொண்டு இருக்கும். இலையில் இருக்கும். கிளையிலும் இருக்கும். பார்க்கிறவர்கள், “பழத்தில் ஏதோ மறு” என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

இந்தப் பொட்டு, அமெரிக்காவில் உள்ள கலிபோர்னியா மாநிலத்தின் ஆரஞ்சுத் தோட்டக்காரர்களைப் படாத பாடு படுத்தியது. மரத்தைக் கூடாரம் போட்டு மூடினார்கள். உள்ளே விஷப் புகை விட்டார்கள். உலகத்தின் மூலை முடுக்கு எல்லாம் ஆள் அனுப்பி, இதைக் கொல்லும் ஜீவன் எங்காவது இருக்கிறதா என்று தேடினார்கள்.

அந்த ஜீவன் ஆசியாவில் இருந்தது. தேடியவர்களின் கண்ணிலும் பட்டது.

“இது வேறு” என்று சொல்லி விட்டுவிட்டார்கள்!

ஏன் அப்படி? எல்லாம் பெயர் செய்த குழப்பம். சிவப்புப் பொட்டின் பெயரும் சரியாகத் தெரியவில்லை. அதைக் கொல்லும் குளவியின் பெயரும் சரியாகத் தெரியவில்லை. இந்த ஆள் மாறாட்டத்தால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வீணாகிப் போயின.

கவசத்துக்குள் யார்?

மீனின் மேல் செதில் இருக்கிறது அல்லவா? அதுபோலச் செடியின் மேல் ஒட்டிக்கொண்டு இருப்பதால் இந்த ஜாதிக்குச் “செதில் பூச்சி” என்று பெயர். அவற்றிலே ஒரு பெரிய குடும்பத்துக்குக் கவசம் உண்டு. 2,600 வகைகளுக்கு மேல் இதுவரை பெயர் கொடுத்து எழுதி வைத்திருக்கிறார்கள். செதில் பூச்சிகளில் இதுதான் மிகப் பெரிய குடும்பம்.

அந்தக் கவசத்தைப் பூச்சியே கட்டிக்கொள்கிறது. உடம்பிலிருந்து மெழுகு போன்ற ஒரு பொருள் கசிகிறது. பூச்சி வளரும்போது தோலை உரிக்கிறது. உரித்த தோலை வீணாக்குவது இல்லை. மெழுகோடு சேர்த்துக் கூரையில் ஒட்டிவிடுகிறது. பழைய சட்டையை வைத்துக் கூரை வேய்ந்த மாதிரி!

இந்தக் கூரை வேறு, உள்ளே இருக்கும் உடம்பு வேறு. ஊசி முனையால் கூரையை மெதுவாக நெம்பினால் அது தனியாக வந்துவிடும். பூச்சி செடியிலேயே இருக்கும். மெத்தென்று, கண் இல்லாமல், கால் இல்லாமல், ஒரு சிறு பை போல இருக்கும். வாயில் மட்டும் மயிரைவிட மெல்லிய குழல். அதைச் செடிக்குள் குத்தி வைத்துக்கொண்டு உறிஞ்சுகிறது. எச்சிலும் செடிக்கு விஷம். இலை பழுக்கும். கொப்பு காயும். பழம் புள்ளி விழுந்து விலை போகாது. அதிகமானால் மரமே பட்டுப்போகும்.

கால் இல்லாத பூச்சி அடுத்த மரத்துக்கு எப்படிப் போகிறது?

பிறக்கும்போது ஆறு கால் உண்டு. கண் உண்டு. மஞ்சளாக, தூசி போல இருக்கும். சிவப்புச் செதில் பூச்சி முட்டை இடுவது இல்லை, குஞ்சாகவே போடுகிறது. தாயின் கூரைக்கு அடியிலிருந்து நாளைக்கு இரண்டு மூன்றாக வெளியே வரும். ஆறு எட்டு வாரத்தில் ஒரு தாய் நூறு, நூற்றைம்பது குஞ்சு போட்டுவிடும். குஞ்சு தவழும். காற்று தூக்கிக்கொண்டு போகும். பறவையின் காலில் ஒட்டும். பழம் பறிப்பவர் சட்டையிலும் ஒட்டும். இரண்டொரு நாளில் ஓர் இடம் பார்த்து வாயைக் குத்தி உட்கார்ந்துவிடும்.

பெண் பூச்சி உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். முதல் தோலை உரிக்கும்போது காலையும் சேர்த்து உதறிவிடுகிறது. அதற்குப் பிறகு நடை என்பதே கிடையாது.

ஆண் பாடு இன்னும் பரிதாபம். அதன் கவசம் நீள வாட்டில் இருக்கும். கடைசியில் இரண்டு இறக்கை முளைத்து வெளியே வரும். வாய் கிடையாது. சாப்பாடும் கிடையாது. சில மணி நேரம்தான் ஆயுள். அதற்குள் பெண் விடும் வாசனையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர வேண்டும்.

எப்படி வந்தது?

1873-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் எலிசா டிபெட்ஸ் என்ற அம்மையார் இருந்தார். வாஷிங்டனில் உள்ள விவசாய இலாகாவிலிருந்து அவருக்கு விதை இல்லாத ஆரஞ்சு மரக்கன்றுகள் வந்தன. அவற்றிலிருந்து ஒட்டுக் கட்டிக் கட்டியே ஊரெல்லாம் தோட்டம் பரவியது. பாலைவனம் மாதிரி கிடந்த பூமி பொன் விளையும் பூமி ஆயிற்று.

அதே காலத்தில்தான் சிவப்புச் செதில் பூச்சியும் வந்து இறங்கியது. 1868-க்கும் 1875-க்கும் நடுவே, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த செடிகளோடு வந்திருக்க வேண்டும் என்பது நிபுணர்களின் கணிப்பு.

வந்த பூச்சிக்கு முதலில் பெயர் வைத்தவர் அமெரிக்கர் அல்ல. நியூஜிலாந்தில் மாஸ்கெல் என்று ஒருவர். பல்கலைக்கழகத்தில் பதிவாளராக இருந்தவர். செதில் பூச்சி ஆராய்ச்சி அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்து வந்த ஆரஞ்சுப் பழத்திலும் எலுமிச்சம்பழத்திலும் இந்தப் பூச்சியைப் பார்த்தார். 1879-இல் “ஆரான்டியை” என்று பெயர் சூட்டினார். ஆரஞ்சைச் சேர்ந்தது என்று பொருள்.

அடுத்த ஆண்டு அமெரிக்க விவசாய இலாகாவின் பூச்சி நிபுணர் காம்ஸ்டாக் கலிபோர்னியாவுக்குப் போனார். அதே பூச்சியைப் பார்த்தார். புதுப் பூச்சி என்று நினைத்து 1881-இல் “சிட்ரி” என்று வேறு பெயர் கொடுத்தார்.

ஒரே ஆள். இரண்டு பெயர். குழப்பத்துக்குப் பிள்ளையார் சுழி!

காம்ஸ்டாக்கைக் குறை சொல்ல முடியாது. செதில் பூச்சியைக் கவசத்தை வைத்து அடையாளம் காணக்கூடாது, உடம்பின் வால் நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்று வழி காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அந்த வழிதான் பிற்காலத்தில் முடிச்சை அவிழ்த்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

கூடாரமும் விஷப் புகையும்

மரத்துக்கு மரம் பூச்சி. என்ன செய்வது?

1886-இல் காக்கிலெட் என்ற நிபுணர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு வழி கண்டுபிடித்தார். மரத்தின் மேல் பெரிய துணிக் கூடாரத்தை இழுத்து மூடுவது. உள்ளே ஒரு மண் ஜாடியில் கந்தக அமிலத்தை வைத்து அதில் சயனைடைப் போடுவது. கொடிய விஷ வாயு கிளம்பும். போட்டவர் உடனே வெளியே ஓடி வந்துவிட வேண்டும். வெயிலில் செய்தால் இலை கருகும். அதனால் ராத்திரியில் செய்தார்கள். இருட்டில் வரிசை வரிசையாகக் கூடாரம். உள்ளே மனிதரையும் கொல்லும் விஷம்.

பல ஆண்டுகள் இது பலித்தது. பிறகு கொரோனா என்ற ஊரில் ஒரு புதுமை. (வியாதிக்கு அந்தப் பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த ஊர் இருக்கிறது.) 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே புகை போட்டும் பூச்சி சாகவில்லை. அளவைக் கூட்டினார்கள். அப்படியும் சாகவில்லை. விஷத்தைத் தாங்கும் சில பூச்சிகள் முன்பு தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றின் சந்ததிதான் தோட்டம் முழுதும் பெருகிவிட்டது.

தோட்டக்காரர்கள் இன்னொரு பக்கம் நம்பிக்கையோடு இருந்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1888-இல் ஆல்பர்ட் கோபெலே என்பவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். பஞ்சு மூட்டை போலத் தெரியும் வேறு ஒரு செதில் பூச்சி அப்போது மரங்களை அழித்துக்கொண்டு இருந்தது. அதைத் தின்னும் சிறிய வண்டு ஒன்றை அவர் அங்கிருந்து அனுப்பினார். வண்டு பெருகியது. ஓரிரு ஆண்டில் பஞ்சுப் பூச்சி அடங்கிவிட்டது. மந்திரம் போட்ட மாதிரி!

“சிவப்புப் பூச்சிக்கும் அப்படி ஒரு எதிரி எங்காவது இருக்கும்” என்று கிளம்பினார்கள். 1891-இல் கோபெலே மறுபடி போனார். அவருக்குப் பின் ஜார்ஜ் கம்பியர் என்பவர் நாடு நாடாக அலைந்தார். கப்பலில் வாரக்கணக்கான பயணம். பூச்சி ஒட்டிய கிளைகளைப் பெட்டியில் அடுக்கி அனுப்ப வேண்டும். வழியில் செத்துப்போகும். மறுபடி அனுப்ப வேண்டும்.

ஆண்டுகள் ஓடின. பலன் இல்லை.

ஒரே முகம், பல ஆட்கள்

இங்கேதான் ஆள் மாறாட்டம் தொடங்குகிறது.

கலிபோர்னியாவிலேயே இந்த மாதிரி இரண்டு பூச்சிகள் இருந்தன. ஒன்று சிவப்பு. இன்னொன்று கொஞ்சம் மஞ்சள். மஞ்சள் பூச்சியைச் சிவப்பின் ஒரு தினுசு என்று 1891-இல் காக்கிலெட் எழுதினார். நிறம்தானே வித்தியாசம்? மாம்பழத்திலே சிவப்பும் மஞ்சளும் இல்லையா?

சீனா, ஜப்பான் பக்கம் போனால் இன்னும் மோசம். இதே உருவத்தில் பல பூச்சிகள். வட்டக் கவசம், சிவந்த உடம்பு. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் பார்க்க வேண்டாம். தேடிப்போனவர்களில் சிலர் வேறு பூச்சியைப் பார்த்து, “இதுதான் நம் சிவப்புப் பூச்சி” என்றார்கள். அதன் எதிரியைக் கொண்டுவந்து விட்டால் அது சிவப்புப் பூச்சியைத் தொடவில்லை. சில சமயம் உண்மையான சிவப்புப் பூச்சியையே பார்த்துவிட்டு, “இது வேறாகத்தான் இருக்க வேண்டும்” என்று போய்விட்டார்கள்.

பூச்சிக்கும் வீட்டுப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு உண்டு. சிவப்புப் பூச்சியை வெகு காலம் “கிரிசோம்பாலஸ்” என்ற வீட்டில் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர்களின் பூர்வீகம் தென் அமெரிக்கா என்று அப்போது கருதினார்கள். பூர்வீகத்தில்தானே பரம்பரை எதிரி இருப்பான்? ஆகவே அந்தப் பக்கமும் தேடினார்கள். காசியில் தொலைத்ததை ராமேசுவரத்தில் தேடினால் கிடைக்குமா?

வேடிக்கை என்னவென்றால், மனிதருக்குத் தெரியாத வித்தியாசம் குளவிக்குத் தெரிந்திருந்தது! ஜப்பானிலிருந்து “கம்பியரெல்லா” என்ற குட்டிக் குளவியைக் கொண்டுவந்தார்கள். ஜார்ஜ் கம்பியரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். அது மஞ்சள் பூச்சியைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த சிவப்புப் பூச்சியில் பெருகவே இல்லை. “இவை இரண்டும் ஒன்றல்ல” என்று குளவி சொல்லாமல் சொல்லிவிட்டது.

கண்ணாடித் தகட்டில் பிடிபட்டது

1937-இல் முடிச்சு அவிழ்ந்தது. அவிழ்த்தவர் ஹோவர்டு மெக்கென்சி. கலிபோர்னியாவைச் சேர்ந்த பூச்சி நிபுணர்.

செதில் பூச்சியை அடையாளம் காணும் வேலை பொறுமைசாலிக்குத்தான் முடியும். கவசத்தை எடுத்துவிட வேண்டும். கேழ்வரகிலும் சிறிய உடம்பைக் காரத் திரவத்தில் போட்டு உள்ளே இருப்பதை எல்லாம் கரைக்க வேண்டும். வெறும் தோல் மட்டும் மிஞ்சும், கண்ணாடி போல. அதற்குச் சாயம் ஏற்ற வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் மல்லாக்க வைத்து, பிசின் தடவி, மேலே இன்னொரு மெல்லிய கண்ணாடியை வைத்து மூட வேண்டும். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டிய இடம் வால் நுனி. அங்கே கடைசிச் சில கணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு தகடு ஆகியிருக்கும். அதன் ஓரத்தில் பல் வரிசை போலச் சிறு மடல்கள். மடல்களுக்கு நடுவே சீப்பு மாதிரி விளிம்புகள். மெழுகு சுரக்கும் நுண்ணிய குழாய்கள். கவசத்தைக் கட்டும் கொத்தனாரின் கரண்டி இதுதான். போலீஸ்காரர்களுக்குக் கைரேகை எப்படியோ, செதில் பூச்சி நிபுணர்களுக்கு இந்த வால் நுனி அப்படி.

மெக்கென்சி பல நாட்டுப் பூச்சிகளை இப்படிப் பார்த்தார். பெண் பூச்சியின் குட்டி போடும் துவாரத்துக்கு முன்னால் சில தடித்த குறிகள் இருந்தன. சிவப்புப் பூச்சிக்கு ஒரு மாதிரி. மஞ்சளுக்கு வேறு மாதிரி. ஆசியாவில் உள்ள மற்றவற்றுக்கும் வெவ்வேறு மாதிரி. நிறத்தையும் பார்க்க வேண்டாம், கவசத்தையும் பார்க்க வேண்டாம். இந்தக் குறிகளைப் பார்த்தால் போதும். ஆள் இன்னார் என்று சொல்லிவிடலாம்.

சிவப்புப் பூச்சியின் வீட்டுப் பெயர் “அயோனிடியெல்லா” என்று உறுதியாயிற்று. அந்த வீட்டார் ஆசியாக்காரர்கள்!

அதற்குப் பிறகு தேடியவர்களுக்கு எங்கே போக வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. 1940-களில் தென் சீனாவிலிருந்து சிவப்புப் பூச்சியின் எதிரிகள் ஒவ்வொன்றாக வந்தன.

இரண்டாவது ஆள் மாறாட்டம்

அவற்றுள் முக்கியமான எதிரி “அபைட்டிஸ்” என்ற குளவி. குளவி என்றதும் கொட்டும் குளவியை நினைக்கக்கூடாது. கசகசா அளவுதான். மஞ்சள் நிறம். மனிதரை ஒன்றும் செய்யாது.

செதில் பூச்சியின் கவசத்தைத் துளைத்து, உள்ளே பூச்சியின் உடம்பின் மேல் முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உறிஞ்சி வெறும் தோலாக்கிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் புதுக் குளவி வெளியே வரும். இப்படி இன்னொரு பிராணியின் மேல் வளர்ந்து அதைக் கொல்வதைத்தான் ஒட்டுண்ணிக் குளவி என்கிறார்கள்.

இந்தக் குளவியைச் சீனாவில் முன்பே பார்த்திருந்தார்கள். ஏன் கொண்டுவரவில்லை?

கலிபோர்னியாவில் ஏற்கெனவே ஓர் அபைட்டிஸ் இருந்தது. யாரும் கொண்டுவரவில்லை; தானாக வந்து குடியேறியது. அதனால் பெரிய பலனும் இல்லை. சீனாவில் இருந்ததும் அதுதான் என்று நினைத்துவிட்டார்கள். “நம்மிடம் இருப்பதை எதற்குக் கொண்டுவர வேண்டும்?” என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் ஒன்றில் அநேகமாக எல்லாமே பெண். ஆண் இல்லாமலே பெருகும். மற்றதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. 1947-இல் சீனக் குளவியைக் கொண்டுவந்து வளர்த்தபோது, இது வேறு ஜாதி என்பது தெளிவாயிற்று. 1955-இல் அதற்கு “லிங்நானென்சிஸ்” என்று பெயர் கிடைத்தது. லிங்நான் என்பது தென் சீனாவின் பழைய பெயர். பெயர் கொடுத்தவர் யார்? ஹெரால்டு கம்பியர். நாடு நாடாக அலைந்தாரே ஜார்ஜ் கம்பியர், அவருடைய மகன்!

தகப்பனார் தேடியதைப் பிள்ளை அடையாளம் காட்டினார். 1961-இல், இந்தத் தேடலின் முழு வரலாற்றையும் தவறுகளோடு சேர்த்து எழுதியும் வைத்தார்.

இந்தியாவிலிருந்து வந்த குளவி

சீனக் குளவி கடற்கரைப் பக்கத்துத் தோட்டங்களில் நன்றாகப் பெருகியது. பழைய குளவியை விரட்டியே விட்டது. உள்நாட்டில் அதன் ஜம்பம் சாயவில்லை. அங்கே குளிர்காலத்தில் குளிர் அதிகம். கோடையில் அனல் பறக்கும். குளவி செத்து விழுந்தது.

ரிவர்சைடு நகரில் பால் டெபாக் என்ற பேராசிரியர் இருந்தார். குளவியால் பயன் உண்டா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அவர் ஒரு வேடிக்கை காட்டினார். சில மரங்களுக்கு டி.டி.டி. மருந்தை லேசாக அடித்தார். சிவப்புப் பூச்சி சாகவில்லை, குளவிகள் செத்தன. அந்த மரங்களில் சிவப்புப் பூச்சி பல மடங்கு பெருகியது. மருந்து அடிக்காத மரத்தில் பூச்சி அடங்கிக் கிடந்தது. குளவி அத்தனை நாளும் சத்தம் இல்லாமல் என்ன வேலை செய்தது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

உள்நாட்டு வெயிலையும் குளிரையும் தாங்கும் குளவிக்கு எங்கே போவது? அதே மாதிரி வெயிலும் குளிரும் உள்ள தேசத்தில்தான் தேட வேண்டும் என்று டெபாக் முடிவு செய்தார். 1956, 57 ஆண்டுகளில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஒரு குளவி போய்ச் சேர்ந்தது. பார்வைக்கு அதுவும் மஞ்சள்தான், அதுவும் கசகசாதான். இந்த முறை ஏமாறவில்லை. மற்ற குளவிகளோடு சேர்த்து வைத்து, ஜோடி சேருகிறதா, குஞ்சு பொரிக்கிறதா என்று சோதித்தார்கள். வேறு ஜாதி என்று தெரிந்தது. 1959-இல் டெபாக் அதற்கு “மெலினஸ்” என்று பெயரிட்டார்.

உள்நாட்டுத் தோட்டங்களில் மெலினஸ் சில ஆண்டுகளுக்குள் சீனக் குளவியின் இடத்தைப் பிடித்தது. பிறகு ஆஸ்திரேலியா உட்பட வேறு தேசங்களுக்கும் போயிற்று.

ரோஜாச் செடியைப் பாருங்கள்

அந்தச் சிவப்புப் பூச்சி நம் நாட்டுக்கும் புதிது அல்ல. ரோஜாச் செடியின் தண்டில் சில சமயம் சொறி பிடித்த மாதிரி பொட்டுப் பொட்டாகத் தெரியும். சிவப்புச் செதில் பூச்சியாக இருக்கலாம், அதன் உறவாகவும் இருக்கலாம். தென்னை ஓலையைக் கெடுக்கும் செதில் பூச்சியும், கரும்பின் கணுவில் அப்பிக்கொள்ளும் செதில் பூச்சியும் இதே கவசக் குடும்பம்தான்.

வால் நுனியைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும். அது நமக்கு வேண்டாம். கவசம் உள்ளதா, இல்லாததா என்பதை மட்டும் ஓர் ஊசியும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். பொட்டை நெம்புங்கள். மேல் ஓடு தனியாக வந்து, பூச்சி கீழே இருந்தால் கவசப் பூச்சி. ஓடும் பூச்சியும் ஒன்றாகவே பெயர்ந்து வந்தால் அது கவசம் இல்லாத மெத்தைச் செதில் பூச்சி. (சிவப்புப் பூச்சி தோல் உரிக்கிற சமயத்திலும், கருவுற்ற பிறகும் கவசத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். ஆகவே ஒரு பொட்டோடு நிறுத்தாமல் நாலைந்தைப் பார்க்க வேண்டும்.)

இன்னொரு அடையாளம் பிசுபிசுப்பு. மெத்தைச் செதில் பூச்சியும் மாவுப் பூச்சியும் இனிப்பான நீரைக் கழிக்கும். இலை பிசுபிசுக்கும். எறும்பு வரிசையாக ஏறும். பிறகு கரி பூசினாற்போல இலை கறுக்கும். கவசப் பூச்சி இனிப்பு நீர் விடுவது இல்லை. செடி வாடுகிறது, பொட்டு இருக்கிறது, ஆனால் இலை பிசுபிசுக்கவில்லை என்றால் சந்தேகம் கவசப் பூச்சியின் மேல்தான்.

கவசத்தில் வட்டமாக ஒரு சிறு துவாரம் தெரிந்தால் அவசரப்பட்டு மருந்து அடிக்கக்கூடாது. உள்ளே ஒரு குளவி வளர்ந்து, கூரையைக் கடித்து வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். ரோஜாவில் கொஞ்சமாக இருந்தால் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சினால் தண்டைத் துடைத்து எடுப்பது தோட்டக்காரர்களின் வழக்கம்.

பூசணியில் வளரும் படை

கலிபோர்னியாவில் மெலினஸ் குளவியை இப்போது காசு கொடுத்து வாங்கலாம். அதை வளர்த்து விற்கும் கூடங்கள் இருக்கின்றன. குளவிக்குத் தீனியாகச் செதில் பூச்சி வேண்டும். செதில் பூச்சிக்குத் தீனி வேண்டும். அதற்குப் பூசணிக்காய்! ஒரு வகைப் பூசணியின் மேல், அரளியில் வாழும் செதில் பூச்சியை அப்ப விடுகிறார்கள். அதன் மேல் குளவியை விடுகிறார்கள். மரத்துக்குப் போகும் முன் குளவிகளுக்குத் தேன் விருந்தும் உண்டு.

சிவப்புப் பூச்சி அடியோடு ஒழிந்துவிட்டதா? இல்லை. 1990-களில் சான் வாக்கின் பள்ளத்தாக்கில், அடித்த மருந்துகளை மீறி அது மறுபடி தலை தூக்கியது. அங்கேயும் பலர் குளவியின் பக்கம் திரும்பினார்கள். ஆண் பூச்சி பறக்கும் காலத்தை அறியப் பெண் பூச்சியின் செயற்கை வாசனையைத் தடவிய பிசின் அட்டையை மரத்தில் தொங்கவிடுகிறார்கள். அட்டையில் ஒட்டும் ஆண்களை எண்ணி, குளவி விடும் நாளைக் குறிக்கிறார்கள்.

விட்ட குளவி ஒரு பொட்டின் மேல் போய் உட்காருகிறது. உடனே முட்டை இடுவது இல்லை. உணர்கொம்புகளால் கவசத்தைத் தட்டிப் பார்க்கிறது. இந்தப் பக்கம் நடக்கிறது, அந்தப் பக்கம் நடக்கிறது. உள்ளே இருக்கும் பூச்சி எவ்வளவு பெரிது என்று அளக்கிறது. கவசத்தோடு ஒட்டியிருக்கும் பூச்சியாக இருந்தால் உதவாது என்று இறங்கிப் போய்விடுகிறது. சிறிய பூச்சியாக இருந்தால் ஆண் முட்டை வைக்கிறது. பெரிய பூச்சியாக இருந்தால் பெண் முட்டை வைக்கிறது. பிறகு அடுத்த பொட்டைத் தட்டிப் பார்க்கப் போகிறது.